பதினொன்றேகால் மணிக் கல்

பூம்பாறைக்குக் கீழே, மூன்றாம் அடுக்கு.
பூண்டுத் தாள் முழங்கால் உயரம்.
ஒன்பதரைக்கு எல்லைக்கல்லின் தலையில்
கருவியை வைத்தேன். எண் வந்தது. எழுதிக்கொண்டேன்.
பதினொன்றேகாலுக்கு மறுபடி வைத்தேன்,
அதே கல், அதே கருவி, கையில் அதே சிராய்ப்பு.
கல் ஏழு மீட்டர் தெற்கே போயிருந்தது.

"கல்லு நடக்குமா மேடம்?" என்றார் குழந்தைவேலு.
பங்காளி நாகமாணிக்கம் சிரிக்கவில்லை.
தெற்கே ஏழு மீட்டர் என்றால் கிணறு அவருக்கு.
பன்னிரண்டு வருடம் கோர்ட்டில் கேட்ட கிணறு
ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் தானாக வந்திருக்கிறது.
அந்த எண்ணைத் தீப்பெட்டியின் முதுகில் எழுதிக்கொண்டார்.

சிக்னல் கிடைக்கும் வளைவு வரை ஏறி
பிலோமினாவைக் கூப்பிட்டேன்.
அப்சர்வேட்டரியில் காந்தம் பார்க்கிறவள்.
காந்த வீட்டுக்குள் இரும்பு ஆகாது.
வாசலில் கொண்டை ஊசிகளைக் கழற்றி
பிளாஸ்டிக் மருந்து டப்பாவில் போட்டுவிட்டு
தலை அவிழ்ந்தபடிதான் உள்ளே போவாள்.
"விடியக்காலையே தொடங்கிருச்சு.
முதல்ல ஒரு துள்ளல். அப்புறம் கோடு விழுது,
விழுது, இன்னும் தரை காணோம்" என்றாள்.

சூரியன் முந்தாநாள் துப்பியது இன்று வந்து சேர்ந்ததாம்.
துருவத்துப் பக்கம் என்றால் பச்சைத் திரை ஆடும்,
ஆட்கள் போர்வையோடு வெளியே வந்து படம் எடுப்பார்கள்.
இது காந்த ஊசி ஏறக்குறையப் படுத்தே கிடக்கும் மலை.
இங்கே உச்சிக்கு மேல் நூறு கிலோமீட்டரில்
பகலெல்லாம் கிழக்கே ஓர் ஆறு ஓடுகிறது,
கரை இல்லை, மின்சாரம் மட்டும்.
புயல் நாளில் அதற்கு வெள்ளம்.
அதற்கும் மேலே, வெயில் உடைத்துப்போட்ட துகள்கள்
பாலாய்ப் பொங்கி எழுந்து
வடக்கிலும் தெற்கிலும் வழிகின்றன.

அண்ணாந்து பார்த்தேன்.
நீலம். ஒரு பருந்து.

செயற்கைக்கோள் சொல்லி அனுப்புவது
அந்தப் பொங்கலுக்குள் புகுந்து
கொஞ்சம் தாமதித்து வருகிறது.
என் கருவி தாமதத்தைத் தூரம் என்று எடுத்துக்கொள்கிறது.
(திண்டுக்கல்லிலிருந்து வராத போன்களை
போன வருடம் நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.
அதை இங்கே எழுதியிருக்கக் கூடாது.)

சங்கிலியை இழுத்தோம், கோயில் மூலையிலிருந்து.
புல்லில் சிக்கியது. ஒரு கண்ணி நெளிந்திருந்தது.
என்றாலும் அது வானத்தைக் கேட்டுக்கொண்டு அளக்கவில்லை.
அது சொன்னது காலை எண்ணும் இல்லை, தீப்பெட்டி எண்ணும் இல்லை.
குழந்தைவேலு காலை எண்ணே போதும் என்றார்.
நாகமாணிக்கம் சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

மூன்றரைக்கு, வளைவில் டீ குடிக்கும்போது,
பிலோமினாவே அழைத்தாள்:
"ஆறு திரும்பிருச்சு. மேற்கே ஓடுது."
எவ்வளவு நேரத்துக்கு என்றேன்.
"அத யாரு கண்டா."

பதிவேட்டில் ஒரு கட்டம்:
அளவை நிறுத்தப்பட்ட காரணம்.
மழை, நிற்கும் பயிர், ஆட்சேபணை, ஆள் வரவில்லை.
சூரியனுக்கு இடம் விடவில்லை.
ஆட்சேபணை என்று குறித்தேன்.
யாருடையது என்று அடுத்த கட்டம் கேட்டது.
பேனாவை மூடிவிட்டேன்.

ஆறரை மணி பஸ். மொபைல் வரைபடத்தில்
என் நீலப் புள்ளி ரோட்டைவிட்டு இறங்கி
யூக்கலிப்டஸ் காட்டுக்குள் தனியே நடந்தது.
டிரைவர் அதைப் பார்க்காமல்
ஒவ்வொரு வளைவையும் வளைத்தே ஓட்டினார்.

கொடைக்கானல் விளக்குகள் தெரியும்போது
ஒரு குறுஞ்செய்தி, பிலோமினா:
"இப்பதான் வெளிய வந்தேன். ஊசிய எண்ணினேன்.
ஒண்ணு குறையுது.
உள்ள இருந்திருக்குமோ, காலைல இருந்து?"